அஞ்சலிக்கு இப்போது என்ன வயது?

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ வந்தது 1990ல். இளையராஜாவுக்கு அது 500வது படம். படத்தில் அந்தக் குழந்தைக்கு இரண்டு, இரண்டரை வயதிருக்கும். உயிரோடு விட்டிருந்தால் இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருப்பாள்.

விடவில்லையே! கிளைமாக்ஸில் செத்துப்போகிறாள். தியேட்டரே அழுதது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு மனசு லேசாக இருந்தது. அந்த லேசைப் பற்றித்தான் இந்த வாரம்.

கதை ஞாபகமிருக்கிறதா? அறிவு வளர்ச்சி பாதிக்கப்பட்டு, நீண்ட நாள் இருக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட குழந்தை. மனைவி தாங்கமாட்டாள் என்று நினைத்து, பிறக்கும்போதே இறந்துவிட்டது என்று பொய் சொல்கிறார் ரகுவரன். குழந்தையை ரகசியமாக ஒரு காப்பகத்தில் வைத்து வளர்க்கிறார். விஷயம் தெரிந்ததும் ரேவதி அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார். வீடு என்றால் ஃபிளாட். அண்ணன், அக்காவுக்கே பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்க வேண்டுமா? இந்தக் குழந்தை இங்கே இருக்கக் கூடாது என்று கூடிப் பேசுகிறார்கள். எல்லாரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள்.

அந்தக் காட்சிகள் இன்றைக்குப் பார்த்தாலும் நெளிய வைக்கும். அவ்வளவு நிஜம். அப்புறம் ஒவ்வொருவராக மனம் மாறுகிறார்கள். முதலில் குழந்தைகள், பின்னால் பெரியவர்கள். சரி, மாறியாச்சு. இனிமேல்தானே கதை ஆரம்பிக்க வேண்டும்? ரேவதிக்குக் காய்ச்சல் வந்தால் அஞ்சலியை மாடி வீட்டு மாமி பார்த்துக்கொள்வாரா? அஞ்சலி பெரியவள் ஆனால்? அண்ணன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்தால் அவளை ஹாலில் உட்கார வைப்பார்களா, உள் ரூமில் வைத்துப் பூட்டுவார்களா? ரகுவரன் ரிட்டயர் ஆன பிறகு?

இந்தக் கேள்வி ஒன்றுகூட வராதபடி குழந்தை போய்விடுகிறது. ஃபிளாட்வாசிகளுக்குத் தங்கள் புதிய நல்ல மனசை ஒரு மாதம்கூடப் புழங்க வேண்டிய அவசியம் வரவில்லை. கண்ணீரோடு கணக்கு நேர்.

மணிரத்னத்தை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. ஷாம்லியின் முகத்தை வைத்துக்கொண்டு அவர் செய்தது பெரிய காரியம். இப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டை அதற்கு முன்னால் எந்தத் தமிழ்ப் படம் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தது? ஆனால் இந்த ‘சரியான நேரத்தில் கதையை முடித்துக்கொள்வது’ தமிழ் சினிமாவுக்கே ஒரு பழக்கம். அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு பாத்திரத்தை நம் படங்கள் ஒன்று சாகடிக்கும், இல்லை தெய்வமாக்கும், அதுவும் இல்லை என்றால் கல்யாணம் பண்ணி வைக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆள் என்ன செய்கிறான், யாரோடு இருக்கிறான் என்று மட்டும் காட்டாது.

கல்யாணத்துக்கு உதாரணம் ‘சிப்பிக்குள் முத்து’ (1986). தெலுங்கிலிருந்து வந்த கே.விஸ்வநாத் படம். சூதுவாது தெரியாத கமல்ஹாசனைப் பாட்டிதான் வளர்க்கிறாள். பாட்டிக்குப் பிறகு யார்? படம் இந்தக் கேள்வியைக் கேட்கிறது, அதற்காகக் கும்பிடலாம். பதில்தான் இடிக்கிறது. கையில் குழந்தையோடு நிற்கும் விதவை ராதிகா கழுத்தில் கமல் தாலி கட்டிவிடுகிறார். அப்புறம் ராதிகா பார்த்துக்கொள்கிறார். அதாவது, ஒரு பாட்டி போனால் இன்னொரு பெண். ஊருக்கு அதில் வேலையே கிடையாது. இன்றைக்கும் நம் பக்கத்தில் ‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் சரியாப் போயிரும்’ என்று சொல்கிற சித்தப்பாக்கள் உண்டு. சரியாகப் போவதெல்லாம் இல்லை. பொறுப்பு ஒரு பெண்ணின் தலையிலிருந்து இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறுகிறது. விஸ்வநாத் அதையே கவிதையாக எடுத்தார்.

எனக்கென்னவோ இதில் கொஞ்சம் நிஜமான ஆள் ‘16 வயதினிலே’ (1977) சப்பாணி. காலும் கோணல், புத்தியும் மந்தம். ஊர் அவனைக் கிண்டல் பண்ணும். ஆனால் வேலையும் கொடுக்கும். கை கால் பிடித்துவிடச் சொல்லும், எடுபிடிக்குக் கூப்பிடும், சில்லறை கொடுக்கும். மயிலு அவனுக்குக் கற்றுத்தருவது என்ன? உன் பெயர் கோபாலகிருஷ்ணன், இனிமேல் எவனாவது சப்பாணி என்றால் அறை. அவன் அறையவும் செய்கிறான், கால்நடை டாக்டரையே! ஊனமுற்றோர் என்ற சொல்லைக் கைவிட்டு மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கத் தமிழக அரசு முடிவு செய்தது 2010ல். பாரதிராஜா 33 வருஷம் முந்தி. பெயர் மாற்றத்தோடு ஓர் அறையும் சேர்த்து!

தெய்வம் ஆக்குகிற வியாதிக்கு வருவோம். ஏ.எல்.விஜய்யின் ‘தெய்வத் திருமகள்’ (2011). முதலில் ‘தெய்வத் திருமகன்’ என்று வைத்து, எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். மகனோ மகளோ, தெய்வம் மட்டும் போகவில்லை. ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் சாக்லேட் ஃபேக்டரியில் வேலை செய்யும் கிருஷ்ணா. விக்ரம் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். மனைவி பிரசவத்தில் இறந்துவிட, பெண் குழந்தையை அவரே வளர்க்கிறார். பணக்காரத் தாத்தா குழந்தையைப் பறித்துக்கொள்ள, கேஸ் கோர்ட்டுக்குப் போகிறது. கிருஷ்ணா ஜெயிக்கிறார். ஜெயித்து? மகளின் எதிர்காலத்துக்காக அவளைத் தாத்தா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஷான் பென் நடித்த ‘ஐ ஆம் சாம்’ (2001) படத்தின் நிழல் இதில் விழுந்திருப்பது ஊரறிந்த விஷயம். அந்த ஹாலிவுட் படத்திலும் சர்க்கரை அதிகம்தான். ஆனால் கடைசியில் சாம், மகளை வளர்க்க உதவி செய் என்று வளர்ப்புத் தாயிடமே கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரி, நண்பர்கள், வளர்ப்புத் தாய் எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணை வளர்க்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. தமிழுக்கு வரும்போது அது தியாகமாகிவிட்டது. ஒன்று விக்ரம் தனியாக வளர்க்க வேண்டும், இல்லை தாத்தாவிடம் கொடுக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் யாராவது வந்து ஒத்தாசை செய்தால் அவரே வளர்க்கலாமே என்று அந்தக் கோர்ட்டில் ஒரு வக்கீலுக்கும் தோன்றவில்லை. ஜட்ஜுக்கும் தோன்றவில்லை.

நிஜமான கோர்ட்டுக்குத் தோன்றியிருந்தது, இந்தப் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே. சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குறைந்த, ஆதரவற்ற ஒரு பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். 2009ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது. வளர்ப்பதற்கு என்ன வழி? தேசிய அறக்கட்டளை முன்வந்து, அந்தப் பெண்ணை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம், குழந்தை வளர்ப்புக்கும் உதவுகிறோம் என்று எழுதிக் கொடுத்தது. அப்போது அதன் தலைவர் பூனம் நடராஜன். 1985ல் சென்னையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர். இப்போது அதன் பெயர் வித்யாசாகர். கோடம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த யோசனை, கோடம்பாக்கத்துக்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? தெய்வம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தெய்வத்துக்கு வேன் வேண்டாம், டீச்சர் வேண்டாம், ரேஷன் கார்டில் பெயர் வேண்டாம். பிரதமர் மோடி 2015 கடைசியில் வானொலியில் ‘திவ்யாங்’ என்ற சொல்லைச் சொன்னார். தெய்விக அங்கம் உடையவர் என்று அர்த்தம். இந்த மக்களுக்காகப் பேசும் அமைப்புகள் பல எதிர்த்தன. எதிர்த்ததில் அர்த்தம் இருக்கிறது. கொங்குப் பக்கம் அம்மாக்கள் எந்தப் பிள்ளையையும் ‘சாமீ, சாப்புட வா சாமீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சாமி வேறு. அது சோறு ஊட்டுகிற சாமி.

கொங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. சினிமாவையும் இந்த விஷயத்தையும் சேர்த்துப் பேச சேலம், நாமக்கல் சமவெளியைவிட்டால் பொருத்தமான இடம் இல்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, தமிழ் சினிமாவை ஃபேக்டரி மாதிரி நடத்திக் காட்டினார். நூறு படங்களுக்கு மேல். ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. கலையை ஃபேக்டரி ஆக்கிய அதே பகுதி, பிற்பாடு படிப்பையும் ஃபேக்டரி ஆக்கியது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஹாஸ்டல் பள்ளிகளைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடம். விடிகாலை எழுப்பல். 1200க்கு எத்தனை? பக்கத்தில் கோழிப் பண்ணைகள் இருந்ததால் ‘பிராய்லர் பள்ளி’ என்று கிண்டல் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2017ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதே வருஷம் நீட் வந்தது. போர்டுகளில் எழுத்து மாறியது, அவ்வளவுதான்.

இந்த ஊரில், தன் பெயரை எழுத ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு பிள்ளை பிறந்தால்?

அவனுக்கும் ஒரு பரீட்சை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, படம் காட்டி, கட்டை அடுக்கச் சொல்லி, அறிவுத் திறனுக்கு ஓர் எண் போடுவார்கள். அதைச் சதவீதமாக மாற்றுவார்கள். லேசான குறைபாடு என்றால் 50, நடுத்தரம் 75, தீவிரம் 90, மிகத் தீவிரம் 100. சட்டப்படியான சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மார்க் கூடினால் சந்தோஷப்படும் ஊரில், இந்த மார்க் கூடக்கூட அம்மாக்கள் முகம் வாடும். ஆனால் அட்டை வேண்டுமே! அட்டை இருந்தால்தான் மாதப் பராமரிப்புத் தொகை. தமிழக அரசு 2023 ஜனவரியில் அதை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது. நாளைக்கு 66 ரூபாய் சில்லறை. வேண்டாம் என்று சொல்லவில்லை. பல மாநிலங்கள் இதைக்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் 66 ரூபாய்க்குக் கூட உட்கார ஓர் ஆள் கிடைக்காது.

2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க இப்படிப்பட்டவர்கள் சுமார் 15 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் ஒரு லட்சம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு விட்டுப்போனவர்கள் இதில் சேர்த்தி இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இது மனநோய் கிடையாது. மாத்திரை போட்டுக் குணப்படுத்த இதில் நோய் என்று ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்வது மெதுவாக நடக்கும், சிலது வராது, கூட ஓர் ஆள் வேண்டும். வாழ்நாள் பூராவும் வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ‘லூசு’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டு ஆட்டியதில் நம் காமெடி டிராக்குகளுக்கும், 2000களின் அசட்டு ஹீரோயின்களுக்கும் தாராளமான பங்கு உண்டு.

கூட ஓர் ஆள் வேண்டும் என்றேன். முன்பு அந்த ஆள் எங்கே இருந்தார்? வீட்டுத் தறியில். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, தாரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். குடும்பம் மொத்தமும் வீட்டிலேயே வேலை செய்கிற தொழில் அது. புத்தி மந்தமான தம்பி ஒருத்தன் இருந்தால், அவனும் தார் சுற்றுவான், பாவு பிடிப்பான், நூல் கட்டைத் தூக்கி வைப்பான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அவனுக்கு அலுப்பும் கிடையாது. யாரும் அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்கவில்லை. அடியும் திட்டும் விழுந்திருக்கும், கூலி கொடுத்திருக்க மாட்டார்கள். அதைப் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் உட்கார ஓர் இடம் இருந்தது, நாள் முழுக்க நாலு பேர் நடமாட்டம் இருந்தது.

இப்போது? சொந்தத் தறியை எடைக்குப் போட்டுவிட்டு மில்லுக்குப் போகிறவர்கள் அதிகம். நாமக்கல் பக்கம் அப்பா லாரியில் ஏறினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனால் மாதக்கணக்கு. போர் போட வட இந்தியா வரைக்கும் போகிறார்கள். தாத்தா பாட்டி கிராமத்தில். அண்ணன் காலேஜில். மிச்சம் இருப்பது அம்மா. அம்மாவும் வேலைக்குப் போனால்தான் சோறு. அப்புறம் என்ன, பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். ஜன்னலில் ஒரு முகம் தெரியும்.

பள்ளி வயது வரைக்கும் பரவாயில்லை. ஒன்றியத்துக்கு ஒன்றியம் கல்வித் துறையின் வட்டார வள மையம், சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி என்று ஏதோ இருக்கிறது. வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே ஆள் போகும். டவுன்களில் தொண்டு நிறுவனங்களின் சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் டீச்சர்கள் வாங்கும் சம்பளத்தைக் கேட்டால் நமக்கு வெட்கமாக இருக்கும். பதினெட்டு வயது முடிந்ததா, பெரும்பாலும் இதெல்லாம் கத்தரித்தாற்போல நின்றுவிடும். அன்றிலிருந்து அவன் வீட்டில். இருபத்தைந்து, முப்பது, நாற்பது. அவனைக் குளிப்பாட்டும் அம்மாவுக்கு அறுபது, அறுபத்தைந்து, எழுபது.

அந்த அம்மாக்களிடம் எந்த ஊரில் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: ‘எனக்கப்புறம் இவன ஆருங்க பாப்பாங்க?’ சிலர் இன்னொன்றும் சொல்வார்கள், தணிந்த குரலில். எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிரணும். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் வேண்டிக்கொள்கிற வேண்டுதலைப் பாருங்கள்! ‘அஞ்சலி’ முடிவில் நம் மனசு ஏன் லேசாயிற்று என்று இப்போது புரிகிறதா? இந்த வேண்டுதலை மணிரத்னம் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டார்.

இதை ஒளிக்காமல் காட்டிய படம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், ராமின் ‘பேரன்பு’ (2019). பாப்பாவுக்கு இருப்பது மூளை முடக்குவாதம், நாம் பேசும் விஷயத்துக்குப் பக்கத்து வீடு. ஆனால் அப்பா அமுதவனின் கஷ்டம் இங்கே எல்லாருக்கும் பொது. மனைவி போய்விட்டாள். பெண் வயதுக்கு வருகிறாள். மாற்றிவிட, கழுவிவிட, அப்பா. டாக்ஸி ஓட்டப் போனால் பெண்ணை யார் பார்ப்பது? காப்பகத்தில் விடுகிறார். அங்கே அடிக்கிறார்கள். திரும்பக் கூட்டிவந்துவிடுகிறார். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்குகிறார். மம்முட்டி அந்தக் காட்சியில் நடித்த மாதிரியே தெரியாது.

மீரா என்ற திருநங்கை வந்து காப்பாற்றுகிறார், மூவரும் ஒரு குடும்பம் ஆகிறார்கள். சமூகம் ஒதுக்கிய இருவருக்குச் சமூகம் ஒதுக்கிய ஒருவரே துணை. நல்ல மனசுள்ள முடிவு. ஆனால் ராமும் பாருங்கள், வீடு, காப்பகம், கடல் என்ற மூன்று இடங்களுக்குத்தான் அமுதவனைக் கூட்டிப்போகிறார். நாலாவதாக ஓர் இடம் இருக்கலாம் என்று அவருக்கும் படவில்லை. அவர் மேல் தப்பில்லை. அப்படி ஓர் இடத்தை நாம் கட்டியிருந்தால்தானே கேமராவில் விழும்? கடலில் இறங்குகிற அப்பா அம்மாக்கள் நிஜத்திலும் உண்டு. மாவட்டச் செய்திப் பக்கத்தில் நாலு வரியில் வருவார்கள். காப்பாற்ற எல்லா நேரமும் மீரா வருவதில்லை.

நாலாவது இடம் என்ன? ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஒன்பதரை மணிக்குத் தெருமுனைக்கு ஒரு வேன் வரும். சாயங்காலம் வரை ஒரு மையத்தில் வேலை, விளையாட்டு, சாப்பாடு, சிநேகிதர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் பத்து நாள் அவனை வைத்துக்கொள்ள ஓர் இடம். வீட்டுக்கு வந்து பல் தேய்க்கவும் பஸ் ஏறவும் பழக்குகிற ஓர் ஆள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு, அதே ஊரில், அதே மளிகைக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில், நாலைந்து பேர் சேர்ந்திருக்க ஒரு வீடும் பார்த்துக்கொள்ள ஒருவரும். இருநூறு பேரை ஒரே கட்டடத்தில் அடைத்து, கேட்டில் பூட்டுப் போடும் ஹோம் இல்லை.

கனவு காணாதே என்பீர்கள். பெல்ஜியத்தில் கேல் என்று ஒரு டவுன் இருக்கிறது. புத்தி பேதலித்தவர்களுக்காக நேர்ந்துகொள்ளும் கோயில் ஊர், நம்ம குணசீலம் மாதிரி. வந்தவர்கள் கூட்டம் கோயிலில் கொள்ளாமல் போகவே, ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலேயே தங்கவைக்க ஆரம்பித்தார்கள். நடந்தது இடைக்காலத்தில். அறிவு வளர்ச்சி குறைந்தவர்களும் அதில் சேர்த்தி. பண்ணை வேலையில் கூடமாட ஒத்தாசை, சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி. 1930களின் கடைசியில் மூவாயிரம் பேருக்கு மேல் இப்படி அந்த டவுன் வீடுகளில் இருந்தார்கள். இன்றும் எண்ணிக்கை சுருங்கி, தொடர்கிறது. தங்கவைக்கும் குடும்பத்துக்கு அரசு பணம் தருகிறது. பக்கத்தில் ஆஸ்பத்திரி, வந்து பார்க்க நர்ஸ். வெறும் அன்பு போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெல்ஜியம் தூரம் என்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வில் 1975ல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். இன்று அவர்களுடைய கிராமப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாலும் அந்தந்தப் பக்கத்துப் பெண்களே. கையில் டேப்லட். வளர்ச்சி தாமதமாகும் குழந்தையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, அம்மாவுக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து, அடுத்த தடவை போய் எவ்வளவு முன்னேற்றம் என்று பதிகிறார்கள். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, வயல்காட்டு நடுவில் இது நடக்கிறது என்றால், பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் பணத்துக்கும் குறைவில்லாத சேலம், நாமக்கல்லில் நடக்காதா?

சட்டமும் தயாராகத்தான் இருக்கிறது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2007ல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. அதன் 5வது பிரிவைப் படித்துப்பாருங்கள்: சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது உரிமை, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்தாமல், வீட்டிலும் ஊரிலும் ஆதரவுச் சேவைகள் கிடைக்க அரசு முயல வேண்டும். ‘முயல வேண்டும்’ என்பதுதான் இதில் ஓட்டை. அதற்கும் முன்னால் 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பகல் நேர மையம், தற்காலிகப் பராமரிப்பு, குழு இல்லம், ஒரு லட்சம் ரூபாய் நிராமயா இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அதில் திட்டம் உண்டு. ஆனால் மையம் நடத்த ஒரு தொண்டு நிறுவனம் பதிவு செய்து முன்வர வேண்டும். உங்கள் தாலுகாவில் அப்படி யாரும் இல்லையா, உங்களுக்குத் திட்டமும் இல்லை.

ஒரு விஷயம், உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி கார்டியன் ஆகிவிடுவதில்லை. பேங்க் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் இது தெரிந்து முழிப்பார்கள். அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. அதில் மனுப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் கலெக்டர் ஆபீஸ் போகும்போது, உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து விசாரித்து வாருங்கள்.

சினிமா என்ன துண்டுப் பிரசுரமா, உள்ளூர்க் குழுவையும் நிராமயாவையும் வசனத்தில் வைக்க என்று சில டைரக்டர் நண்பர்கள் கோபப்படுவார்கள். வைக்க வேண்டாம். ஆனால் டாக்டரும் வக்கீலும் போலீஸும் இல்லாமல் ஒரு படம் எடுக்க உங்களால் முடியவில்லையே! அவர்களெல்லாம் நம் வாழ்க்கையில் இருக்கிறார்கள், அதனால் கதைக்குள் வருகிறார்கள். தெருமுனை வேனும் அப்படி ஒரு நாள் தானாகக் கதைக்குள் வரும், வேன் என்று ஒன்று ஓடினால். அறிவு வளர்ச்சி குறைந்த மனிதரைப் பெரும்பாலான நகரத்து ஜனங்கள் நேரில் பார்த்துப் பழகியதில்லை. கமலையும் விக்ரமையும்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை வைத்துத்தான் பரிதாபப்படுகிறார்கள், டொனேஷன் கொடுக்கிறார்கள், பிறந்த நாளைக்கு ஹோமில் கேக் வெட்டி அன்னதானம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டைக் குழு இல்லத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு மட்டும் யாருக்கும் மனசு வராது. அப்படி ஒரு வீடு வந்தால், ‘அஞ்சலி’ ஃபிளாட்டில் போட்ட அதே மீட்டிங்கை மறுபடியும் போடுவோம்.

2022ல் உலக வங்கி ஒப்புதலோடு தமிழக அரசு ‘உரிமைகள்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. சேவைகளை வீட்டுப் பக்கத்துக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தெரபி, வீடு தேடி வரும் பணியாளர்கள், வண்டிகள். காகிதத்தில் பார்த்தால், இந்த நாட்டில் இந்த அளவில் யாரும் யோசித்ததில்லை. பெயரும் அழகு. கட்டடம் திறப்பது நம் அரசுகளுக்கு எப்போதும் கைவந்த கலை. ஆள் போடுவதும், போட்ட ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுப்பதும்தான் வராது.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விழுதுகள் மையம் இருந்தால் போய்ப் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கான அறையில் கலர் பந்துகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பொறுப்பாளரிடம் ஒன்று கேளுங்கள். எடப்பாடியில் முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், கூட அறுபத்தெட்டு வயதில் அம்மா. திங்கட்கிழமை காலையில் அவளை இங்கே கூட்டிவந்தால் சாயங்காலம் வரை இருக்கலாமா? வேன் எத்தனை மணிக்கு வரும்?